நாற்பத்தேழாவது கேள்வியில் ஒரு சொல்

காலையிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகம் திறப்பதற்கு முன்பே வந்துவிட்டேன். காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையை மறுபடியும் துடைத்தேன். வாங்கி வைத்த டீ ஆறி, ஏடு கட்டி, பார்க்கவே சகிக்காமல் ஆனது. பதினோரு மணிக்கு ஆட்சேபக் குழு கூடுகிறது. அதற்குள் மூன்று முறை படியேறி இறங்கிவிட்டேன். லிஃப்ட் இருக்கிறது, ஆனால் லிஃப்டில் சும்மா நிற்க வேண்டுமே.

வீட்டில் எனக்கு ‘வலுவில்லை’ என்று பெயர். கேலிப் பெயர்தான். “ஞாயித்துக்கிழமை எங்கயாவது போயிட்டு வரலாமா, மனசுக்கு நல்லா இருக்கும்” என்று கணவர் சொன்னால், “நல்லா இருக்கும்கிறதுக்கு என்ன ஆதாரம்? வலுவில்லை” என்பேன். “உனக்கு வாதம் முத்திப்போச்சு, டாக்டர்கிட்ட காட்டு” என்பார் அவர். வருகிற விருந்தாளிகளிடமும் இதையே சொல்லிச் சிரிப்பார். அவர்கள் என் முழங்காலைப் பார்ப்பார்கள்.

பதினான்கு வருடம் இந்த வேலை பார்த்தால் வாய் அப்படித்தான் ஆகும். அரசு எழுத்தர் தேர்வில் ‘கூற்றும் வாதமும்’ என்று ஒரு பகுதி உண்டு. ஒரு கேள்வி இருக்கும். அதற்கு ‘ஆம்’ என்று ஒரு வாதம், ‘இல்லை’ என்று ஒரு வாதம். எது வலுவானது, எது வலுவற்றது என்று தேர்வு எழுதுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பகுதிக்குக் கேள்வி போடுகிறவள் நான். இது ரகசியம். தேர்வு அலுவலகத்தில் நான் அச்சுப்பிழை திருத்துகிற வேலை பார்ப்பதாகத்தான் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகக் கேள்வி போட வருகிறவர்களுக்கு ஒரு கையேடு கொடுப்போம். அதையும் நானே எழுதினேன். அதில் நான்காவது விதி இது: ‘வாதத்தைச் சொன்னவர் யார், அதனால் அவருக்கு என்ன லாபம் என்று பார்க்காதே. வாதத்தை மட்டும் பார்.’ இதை வீட்டில் சாப்பாட்டு மேசையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இப்போது என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு நான் வைத்த பெயர் ‘பிடிவாதம்’. கணவரின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் சோதனை மேசையில் வேலை பார்த்தாள். மின்விசிறி மோட்டார்கள் வரிசையாக வரும். சுற்றிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, ‘சரி’ என்ற ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அவள் ஒட்டியது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று பீற்றிக்கொள்வாள். பத்து மாதத்துக்கு முன் ஒருநாள் காலை, வேலைக்குப் போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். கேட் பூட்டியிருந்ததாம். கேட்டில் ஒட்டியிருந்த தாளைப் போனில் படம் எடுத்து வந்திருந்தாள். ‘நிறுவன நலன் கருதி, இன்று முதல் பணியிடங்கள் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.’

“அண்ணி, ஒழுங்குபடுத்தறதுன்னா என்ன?” என்று கேட்டாள்.

“ஒழுங்கா இல்லாததை ஒழுங்காக்கறது” என்றேன், வாத்தியார் மாதிரி.

“அப்ப நாங்க ஒழுங்கா இல்லையா?”

போனை வாங்கி அந்தப் படத்தை மறுபடி படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல் வந்தது. அந்த வாரம்தான் நான் வினாத்தாளுக்குக் கேள்விகள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சலிலேயே ஒரு கேள்வி எழுதினேன். அதுதான் நாற்பத்தேழாவது கேள்வி.

‘கூற்று: வெளிநாட்டு நிறுவனங்களை ஒழுங்குமுறைக்கு உட்படுத்த வேண்டுமா? வாதம் ஒன்று: ஆம். விதி இல்லையென்றால் முன்னறிவிப்பு இல்லாமல் மூடிவிட்டுப் போக அவற்றால் முடியும். வாதம் இரண்டு: இல்லை. பிடி இறுகினால் அவை முதலீட்டை எடுத்துக்கொண்டு வெளியேறக்கூடும், வேலைகள் குறையும்.’ விடை அ, அதாவது முதல் வாதம் மட்டும் வலுவானது. ஏன் என்றால், விதி போடுவது வேறு, பிடியை இறுக்குவது வேறு. இரண்டாம் வாதம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. கேள்வி நன்றாகத்தான் வந்திருந்தது. நானே இரண்டு முறை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அப்போது வழக்கம்போல் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ‘என் நெருங்கிய உறவினர் யாரும் இத்தேர்வை எழுதவில்லை. எழுதுவதாகத் தெரிந்தால் உடனே தெரிவிப்பேன்.’ அன்று அது உண்மை.

இரண்டு வாரத்துக்கு முன், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாத்தனார் மெல்ல ஆரம்பித்தாள். “அண்ணி, கோவிச்சுக்காதீங்க. எழுத்தர் பரீட்சை எழுதிட்டேன். அடுத்த மாசத்தோட எனக்கு வயசு முடியுது, இனிமே எழுத முடியாது. அதான் உங்ககிட்ட சொல்லாமலே எழுதினேன். பரீட்சை நடத்தறவங்க போட்ட விடையை வெச்சுக் கணக்குப் பாத்தேன். பாஸ் மார்க்கைத் தொட்டா வேலை நிச்சயம்கறாங்க. எனக்கு ஒரு மார்க்குல நிக்குது.”

நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். “எங்கிட்ட எதுவும் சொல்லாத! இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது!” என்று கத்தினேன். பாவம், அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கணவர் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்து, “ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மா இரேன். அவ எழுதினது உன் ஆபீஸ்ல யாருக்குத் தெரியப் போகுது? அவளுக்கு வேற வழி இல்லம்மா” என்றார். அதில் ஆதாரமும் இல்லை, வலுவும் இல்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். உடனே அலுவலகத்தில் தெரிவித்திருக்க வேண்டும். பதினான்கு நாளாகத் தெரிவிக்கவில்லை. பதினான்கு நாளும் முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பதினோரு மணிக்குக் குழு கூடியது. மூன்றே பேர். இருமல் மிட்டாயை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே இருக்கும் தலைவர், சட்ட ஆலோசகர் அம்மா, நான். வெளியிட்ட விடைகளைத் தப்பு என்று சொல்லித் தேர்வு எழுதியவர்கள் அனுப்பிய ஆட்சேபங்கள் ஒரு கட்டு இருந்தன. பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். மளமளவென்று தள்ளிக்கொண்டு வந்தோம். ‘என் பயிற்சி மையத்தில் வேறு விதமாகச் சொன்னார்கள்’, தள்ளுபடி. ‘கேள்வி கஷ்டமாக இருந்தது’, தள்ளுபடி. தலைவர் நாற்பத்தேழாவது கேள்விக்கான தாளை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

‘ஒழுங்குமுறை என்று கேட்டிருந்தால் விடை அ சரி. மூடுவதற்கு முன்னால் நாள் சொல்ல வேண்டும் என்பது ஒழுங்குமுறை. அதற்காக எந்தக் கம்பெனியும் ஓடாது. ஆனால் வினாத்தாளில் கட்டுப்படுத்த வேண்டுமா என்று இருக்கிறது. கட்டுப்படுத்துவது என்றால் பிடித்து நிறுத்துவது. பிடித்து நிறுத்தினால் ஓடத்தான் பார்ப்பார்கள். அப்படியானால் இரண்டாம் வாதத்துக்கும் வலு இருக்கிறது. சரியான விடை இ, இரண்டும் வலுவானவை. இந்த இரண்டு சொல்லையும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. எங்கள் கம்பெனி கேட்டில் பணியிடங்கள் ஒழுங்குபடுத்தப்படுகின்றன என்று ஒட்டினார்கள். ஒழுங்கானது நாங்கள். அவர்களைக் கட்டுப்படுத்தத்தான் ஆள் இல்லை.’

எண்ணாவது பெயராவது, அந்தக் கேட்டும் அந்தத் தாளும் என் வீட்டுக் கூடத்தில் பத்து மாதமாக இருக்கின்றன. அவளேதான்.

“கடைசிப் பாதி சொந்தக் கதை. தள்ளிடலாமா மேடம்?” என்றார் தலைவர்.

“முதல் பாதியில விஷயம் இருக்கே சார்” என்றார் சட்ட ஆலோசகர். பிறகு என்னிடம் திரும்பினார். “நீங்க எழுதும்போதே ‘கட்டுப்படுத்த’ன்னுதான் எழுதினீங்களா?”

“அஞ்சு நிமிஷம் கொடுங்க, பழைய தாளைப் பார்த்துட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தேன். பார்க்கத் தேவையே இல்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அச்சுக்குப் போகும் முன் பக்கத் தாள்கள் திருத்த வரும். ஒரு கேள்வி இரண்டு பக்கத்தில் உடையக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் பெரிய சட்டம். உடைந்தால் அச்சகத்துக்குத் திரும்பப் போகும், மூன்று பேர் கையெழுத்து வேண்டும், ஒரு நாள் போய்விடும். நாற்பத்தேழாவது கேள்வியில் ‘ஒழுங்குமுறைக்கு உட்படுத்த’ என்று நீட்டி முழக்கியதில், ‘வேண்டுமா’ மட்டும் தனியாக அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. அந்த ஒரு வரியால், விடைகளில் கடைசியான ஈ அடுத்த பக்கத்தில் அனாதையாய்ப் போய் நின்றது. நான் பச்சை மைப் பேனாவை எடுத்து, அந்த இரண்டு சொல்லையும் அடித்து, மேலே ‘கட்டுப்படுத்த’ என்று எழுதினேன். வரி ஏறிக்கொண்டது. ஈ வீடு திரும்பியது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று நினைத்தேன். வார்த்தைக்கு வார்த்தை அடுத்தவரைப் பிடித்து ஆட்டுகிற நான் அப்படி நினைத்தேன்!

இது இன்னொருவருக்கும் தெரியாது. திருத்திய தாள் பதிவறை அலமாரியில் இருந்தது. நான் எடுத்துக் காட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. பிடிவாதக்காரி, தனக்கு ஒரு மார்க் குறைகிறது என்று என் பிழைப்பிலேயே கை வைத்துவிட்டாளே! ஒரு மார்க்குக்காக ஆள் எவ்வளவு அழகாக எழுதுகிறாள் பார்! தள்ளுபடி என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். சொந்தக் கதை என்று தலைவரே சொல்லிவிட்டார். என் சொல் தப்பு என்று யாரும் கேட்கப் போவதில்லை, உறவும் வெளியே வராது. அவள் தோற்பாள். நான் ஒரு வரியை மிச்சம் பிடித்ததற்காக அவள் தோற்பாள். அது நினைவுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது.

சரி, உண்மையைச் சொல்கிறேன் என்றால் எதை முதலில் சொல்வது? உறவை முதலில் சொன்னால், எழுந்து வெளியே போ என்பார்கள். சொல் மாறிய கதையைக் கேட்க மாட்டார்கள். சொல் மாறியதை முதலில் சொல்லிவிட்டு உறவைச் சொன்னால், நாத்தனாருக்காகக் கதை கட்டுகிறாள் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் வாய்க்கு மதிப்பில்லை. ஆளைப் பார்க்காதே, வாதத்தைப் பார் என்று எழுதியவளுக்கு, ஆளைத்தான் பார்ப்பார்கள் என்பது அந்த நடைபாதையில்தான் உறைத்தது. அப்படியானால் வாயைத் திறக்காமல் பேசக்கூடியது ஒன்றுதான் இருந்தது. பதிவறைக்குப் போய், திருத்திய தாளைக் கேட்டு வாங்கினேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அறைக்குள் வந்து தாளை மேசைமேல் வைத்தேன். “நான் எழுதினது ‘ஒழுங்குமுறைக்கு உட்படுத்த’. பக்கம் உடையுதுன்னு நானே மாத்தினேன். இதோ பச்சை மை, தேதி, என் சுருக்கொப்பம். ஆட்சேபம் சொல்றது சரி” என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததையும் சொன்னேன். “இன்னொண்ணு. அந்த ஆட்சேபம் எழுதினது என் நாத்தனார். அவ பரீட்சை எழுதினது எனக்கு ரெண்டு வாரமாத் தெரியும்.”

தலைவர் இருமல் மிட்டாயை உருட்டுவதை நிறுத்தினார். “ரெண்டு வாரமாவா?”

“ஆமா சார்.”

“என்ன மேடம் இது? இப்ப நீங்க சொல்ற எதையும் நான் எப்படி எடுத்துக்கறது?”

“எடுத்துக்க வேண்டாம் சார். அந்தத் தாளை மட்டும் பாருங்க. அவ இந்த ஆட்சேபத்தை எழுதறதுக்கு ஏழு மாசம் முன்னாடி தேதி போட்டிருக்கு.”

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். உட்காரவா முடியும்? தண்ணீர்க் குடத்துக்கும் ஜன்னலுக்கும் நடந்து நடந்து, குடத்துத் தண்ணீரில் பாதியை நானே குடித்து முடித்தேன். ஒரு மணி நேரம் கழித்துச் சட்ட ஆலோசகர் அம்மா வந்தார். “விடையை இ-ன்னு மாத்தறோம். நீங்க இருந்தாலும் இல்லாட்டாலும் அதுதான் சரி. சாயங்காலமே போட்டுடுவாங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இனிமே நீங்க கேள்வி போட வேண்டாம்னு தலைவர் சொல்லிட்டார். விசாரணை இருக்கும்” என்றார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

பதினான்கு வருடம், ஒரு வரியில் முடிந்துவிட்டது. வலித்தது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று லேசாக இருந்தது. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் நன்றாகத் திட்ட வேண்டும். என்னிடம் மறைத்ததற்கு, பிறகு ஒரு மார்க்குக்காக இவ்வளவு செய்ததற்கு. அப்புறம் நல்ல செய்தியைச் சொல்லலாம். அவள் குதிப்பாள். கணவர் ஸ்வீட் வாங்கப் போகலாமா என்பார், அதற்கு நான் வலுவில்லை என்று சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது வெளிச்சம் இன்னும் போகவில்லை. அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது. கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

“பார்த்தியா?” என்றேன், செருப்பைக்கூடக் கழற்றாமல். “நாற்பத்தேழு மாறிடுச்சு. உன் ஆட்சேபம் ஜெயிச்சுடுச்சு. அந்த மூணு பேர் குழுவுல நானும் ஒருத்தி, தெரியுமா? கேள்வி போட்டதே நான். உனக்காக இன்னிக்கு என் வேலையில பாதி போச்சு. போகட்டும், உனக்கு ஒரு மார்க் கூடிடுச்சுல்ல?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அது உங்க கேள்வியா? ஐயோ அண்ணி...”

“அதை விடு. பாஸ்தானே?”

“இல்ல அண்ணி. நான் அ-வைத்தான் போட்டிருந்தேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “ஒரு மார்க்குல நிக்குதுன்னியே?”

“ஆமா. சரியாப் பாஸ் மார்க்குல நின்னுச்சு. ஒண்ணு போனாலும் போச்சுன்னுதான் சொன்னேன். நீங்கதான் காதைப் பொத்திக்கிட்டீங்களே.”

ஒரு மார்க்கில் தவறுகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு மார்க்கில் தொங்குகிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் செருப்போடு சோபாவில் உட்கார்ந்தேன். அன்று நான் நிலையாக உட்கார்ந்தது அப்போதுதான்.

“அப்புறம் எதுக்குடி எழுதினே? உன் மார்க்கை நீயே வெட்டிக்கவா?” என்று கேட்டேன்.

“ஹால்ல அவசரத்துல அந்தக் கேட்டுதான் கண்ணு முன்னால நின்னுச்சு, அ போட்டுட்டேன். வீட்டுக்கு வந்து படிச்சப்பதான் சொல்லைக் கவனிச்சேன். என்கூடச் சோதனை மேசையில இருந்தாளே, அவ இ போட்டிருந்தா. அவ போட்டது சரி, நான் போட்டது தப்பு. விடையில தலைகீழா இருந்துச்சு. அவளுக்கு எழுத வராது, நான் எழுதினேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேற ஏதாவது கேள்வியில ஒரு மார்க் கூடி வந்துடும்னு ஒரு நப்பாசை இருந்துச்சு. வரல. ஒன்பது வருஷம் ‘சரி’ ஸ்டிக்கர் ஒட்டினவ அண்ணி நான். தப்பாச் சுத்தறது மேல ஒட்டறதுக்குக் கை வரல. யாருக்கு லாபம்னு பாக்காதே, வாதத்தைப் பாருன்னு நீங்கதானே சொல்லிட்டே இருப்பீங்க?”

சொன்னேன்தான். சொன்னதோடு சரி. காலையிலிருந்து நான் அவளுடைய லாபத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இந்த வீட்டில் அந்த விதியை நம்பி நடந்தவள் அவள் ஒருத்திதான், அதற்கு அவள் கடைசி வாய்ப்பையே கொடுத்துவிட்டாள்.

கணவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். “குழுவுல நீங்க இருந்தீங்கல்ல? நான் எழுதினது எப்படி அண்ணி இருந்துச்சு?”

“வலு இருந்துச்சு” என்றேன். பதினான்கு வருடத்தில் இந்த வீட்டில் யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.